பத்து பஹாட்டுக்கு வந்த ஜுரம்

2014-ம் வருஷம் ஏப்ரல் மாதம் 13-ம் தேதி நம் ஜொகூர் மாநிலத்துப் பத்து பஹாட்டில் ஒரு மரணம் நேர்ந்தது. இறந்தவர் ஐம்பதைத் தாண்டியவர். மார்ச் மாத நடுவில் 18 பேர் கொண்ட ஒரு குழுவோடு உம்ராவுக்குப் புறப்பட்டு, மாத இறுதியில் வீடு திரும்பியவர். ஏப்ரல் 4-ம் தேதி ஜுரமும் இருமலும் கண்டன. 7-ம் தேதி ஒரு கிளினிக்குக்குப் போனார். 9-ம் தேதி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அதற்குப் பின் நான்கு நாள்தான். ‘மெர்ஸ்’ என்று சொல்லப்படும் மத்திய கிழக்குச் சுவாச நோய் மலேசியாவில் கண்ட முதல் நோயாளி அவர். அல்லாஹ் அன்னாருக்கு மறுமையில் நல்ல பதவியை அளிப்பானாக.

சுகாதார இலாகாவினர் அவருடைய பிரயாணத்தை நாள் நாளாக விசாரித்தபோது ஒரு விஷயம் வெளிவந்தது. மார்ச் 26-ம் தேதி அவர் ஓர் ஒட்டகப் பண்ணைக்குச் சென்றிருந்தார். அங்கே ஒட்டகப் பாலும் அருந்தியிருந்தார். அந்தத் தேதிக்கும் ஜுரம் கண்ட தேதிக்கும் இடையே ஒன்பது நாள். இந்த நோயின் கிருமி உடலில் புகுந்து இரண்டு நாள் முதல் பதினான்கு நாளுக்குள் தன்னைக் காட்டும் என்பது வைத்தியர்கள் கண்ட கணக்கு.

அன்பர்களே, அந்நாட்களில் நம் கடைத்தெருக்களில் எழுந்த பேச்சு பலருக்கு நினைவிருக்கும். ஒரு சாரார் உம்ராவிலிருந்து திரும்பியவர் கடையில் தேநீர் குடிக்கவே அஞ்சினார்கள். மற்றொரு சாரார், “ஒட்டகத்தின் மேல் பழி போடுவதா? இது புண்ணிய பூமிக்கு யாத்திரிகர்கள் போகாமல் தடுக்கும் சூழ்ச்சி” என்றார்கள். இரு சாராருமே ஆராய்ச்சியாளர்கள் கண்டது என்னவென்று கேட்டறிந்து பேசியவர்கள் அல்லர். வருஷந்தோறும் நம்மிலிருந்து எத்தனையோ பேர் அப்புனித மண்ணுக்குப் போய் வருகிறார்கள். ஆகவே இந்தக் கிருமி எங்கிருந்து வந்தது, அதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதைச் சற்று விரிவாகவே எழுத எண்ணினோம்.

முதலில் பெயர். கொரோனா என்னும் கிருமிக் குடும்பம் புதிதன்று. மின்னணு உருப்பெருக்கியில் பார்க்கும்போது அதைச் சுற்றிக் கிரீடம் போன்ற விளிம்பு தெரிந்ததால் 1968-ல் விஞ்ஞானிகள் அந்தப் பெயரைச் சூட்டினார்கள். ஆடு மாடு, பூனை, கோழி, வௌவால் என்று பல பிராணிகளிடத்தில் இக் குடும்பத்தின் கிளைகள் உண்டு. மனிதனுக்கு மழைக்காலத்தில் வரும் சாதாரண ஜலதோஷத்தில் ஒரு பங்கு இக்குடும்பத்தைச் சேர்ந்த நான்கு கிருமிகளால் வருவதுதான். ஒரு பிராணியிடம் சாதுவாக இருந்த கிளை வேறொரு பிராணிக்கோ மனிதனுக்கோ தாவும்போதுதான் வினை வருகிறது.

மெர்ஸ் கிருமியைக் கண்டவர் ஓர் எகிப்திய வைத்தியர். டாக்டர் அலி முஹம்மது ஸக்கி என்பது அவர் பெயர். 2012 ஜூன் மாதம் ஜித்தாவிலுள்ள ஓர் ஆஸ்பத்திரியில் நுரையீரல் அழற்சியால் ஒருவர் இறந்தார். தெரிந்த கிருமிகள் எதையும் அவர் சளியில் காண முடியவில்லை. டாக்டர் ஸக்கி விடாமல் அதை ஆராய்ந்து, இது கொரோனாக் குடும்பம் என்று கண்டு, ஹாலந்து தேசத்து ராட்டர்டாம் நகரிலுள்ள ஆராய்ச்சிக் கூடத்துக்கு அனுப்பி வைத்தார். அங்கே அது முன்பின் அறியாத புதுக் கிருமி என்று உறுதியாயிற்று. அவ்வருஷம் செப்டம்பரில் உலகத்து வைத்தியர்களுக்கெல்லாம் டாக்டர் ஸக்கி அதை அறிவித்தார். சூழ்ச்சி என்று பேசியவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: இதைக் கண்டவர் அரபு மொழி பேசும் வைத்தியர், கண்ட இடம் ஜித்தா.

நிற்க. கிருமி கிடைத்துவிட்டது, வீடு எது? முதற் சந்தேகம் வௌவாலின் மேல் விழுந்தது. மெர்ஸ் கிருமிக்கு உறவான கிருமிகள் ஹாங்காங் பிரதேசத்து வௌவால்களிடம் முன்பே காணப்பட்டிருந்தன. முதல் நோயாளி வாழ்ந்த பிஷா என்ற ஊரில் வௌவால்களைப் பிடித்துச் சோதித்தார்கள். ஒரே ஒரு வௌவாலின் எச்சத்தில், மெர்ஸ் கிருமியின் மிகச் சிறு துண்டு ஒன்றுக்கு அப்படியே ஒத்த துண்டு கிடைத்தது. ஒரு பத்திரத்தில் ஒரு வரி மட்டும் கிடைத்தால் அதை வைத்து வழக்கை முடிக்க முடியுமா? முடியாது. மேலும் ஊரில் எத்தனை பேர் வௌவாலோடு பழகுகிறார்கள்? நடுவில் வேறொரு பிராணி இருந்தாக வேண்டும்.

இங்கேதான் வியாபாரிகளாகிய நமக்கு எளிதில் விளங்கும் ஒரு முறை உதவிற்று. ஒரு நோய் வந்து போனால் இரத்தத்தில் அதை எதிர்த்து நின்ற சத்து தங்கிவிடுகிறது. ஆள் மறந்துவிடலாம், இரத்தம் மறக்காது. பழைய பேரேட்டைப் புரட்டினால் எந்த வருஷம் யாருக்குக் கடன் கொடுத்தோம் என்று தெரிவதுபோல, இரத்தத்தைச் சோதித்தால் முன்பு எந்தக் கிருமி வந்து போயிற்று என்று தெரியும். ஆடு, மாடு, ஒட்டகம் எல்லாவற்றின் இரத்தத்தையும் சோதித்தார்கள். 2013-ல் வெளிவந்த முடிவு வியப்பானது. ஓமான் நாட்டில் சோதித்த 50 ஒட்டகங்களில் 50-ம் இந்தக் கிருமியைச் சந்தித்திருந்தன. ஸ்பெயினுக்குச் சொந்தமான கனேரித் தீவுகளில் சோதித்த 105 ஒட்டகங்களில் 15 சந்தித்திருந்தன. ஆடு மாடுகளிடம் அதற்கான அடையாளம் இல்லை.

அதோடு விட்டார்களா? எங்கெங்கோ குளிர்பெட்டிகளில் பாதுகாத்து வைத்திருந்த பழைய ஒட்டக இரத்தத்தையும் எடுத்துப் பார்த்தார்கள். 1983 முதல் 1997 வரை எகிப்து, சூடான், சோமாலியா தேசங்களின் ஒட்டகங்களிடம் எடுத்த 189 மாதிரிகளில் பத்துக்கு எட்டு வீதம் அதே அடையாளம்! மனிதர்களிடம் 2012-ல் கண்ட கிருமி, ஒட்டகங்களிடம் அதற்கு முப்பது வருஷம் முன்பே குடியிருந்திருக்கிறது. ஆனால் ஆஸ்திரேலியாவில், நூற்றைம்பது ஆண்டுக்கு முன் பாரம் சுமக்கக் கப்பலில் கொண்டுபோன ஒட்டகங்களின் சந்ததியைச் சோதித்தபோது ஒன்றிடமும் இல்லை. ஆக இது ஒட்டக ஜாதியின் பிறவிக் குணம் அன்று. ஆப்பிரிக்காவிலும் அரபு தேசங்களிலும் மந்தைக்கு மந்தை பரவிய ஒரு தொற்று.

இரத்தச் சாட்சி, “ஒட்டகத்துக்கு வந்திருந்தது” என்று மட்டுமே சொல்லும். ஒட்டகத்திடமிருந்து மனிதனுக்கு வந்ததா, மனிதனிடமிருந்து ஒட்டகத்துக்குப் போயிற்றா என்பதைச் சொல்லாது. அதற்கும் ஒரு வழக்கு அமைந்தது. 2013 நவம்பர் மாதம் ஜித்தாவில், மன்னர் அப்துல் அஸீஸ் பல்கலைக்கழக ஆஸ்பத்திரியில் ஒருவர் சேர்க்கப்பட்டார். அவருக்குச் சொந்தமாக ஒன்பது ஒட்டகங்கள். அவற்றில் சிலவற்றுக்கு மூக்கு ஒழுகிக் கொண்டிருந்தது. அவர் ஓர் ஒட்டகத்தின் மூக்கில் தம் கையாலேயே மருந்து தடவினார். சில நாளில் அவருக்கே ஜுரம் கண்டது. இரண்டு வாரத்தில் இறந்தும் போனார். அப்பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் அவரிடமிருந்தும் அவருடைய ஒட்டகத்திடமிருந்தும் கிருமியை எடுத்து ஒப்பிட்டார்கள்.

ஒப்பிடுவது எப்படி? ஒவ்வொரு கிருமிக்குள்ளும் ஏறக்குறைய முப்பதாயிரம் எழுத்துக்கள் கொண்ட ஒரு குறிப்பு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கிருமி பெருகும்போதெல்லாம் இந்தக் குறிப்பை நகல் எடுக்கிறது. கணக்கப்பிள்ளை கடிதத்தை நகல் எடுக்கையில் ஓரிரு பிழை நேர்வதுபோல இங்கும் பிழை நேரும். இரண்டு நகல்களில் பிழைகள் எவ்வளவு ஒத்திருக்கின்றனவோ அவ்வளவு நெருங்கிய உறவு. அந்த மனிதரின் கிருமியும் ஒட்டகத்தின் கிருமியும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருந்தன. இரத்தத்தைப் பார்த்தபோது, ஒட்டகத்துக்கே முதலில் நோய் வந்திருந்தது. வழக்கு தீர்ந்தது. 2014 ஜூனில், அதாவது பத்து பஹாட் மரணத்துக்கு இரண்டு மாதத்துக்குப் பின், இந்த ஆராய்ச்சி அச்சில் வந்தது.

நம்மவருக்கு ஒட்டகத்திலிருந்தே நேரே தொற்றிற்று என்று எவரும் இப்படி எழுத்தெழுத்தாக ருசுப்படுத்தவில்லை. ஆனால் பண்ணை, பால், ஒன்பது நாள் என்ற மூன்றையும் சேர்த்துப் பார்க்கும்போது வேறு வழியைத் தேட வேண்டியதில்லை என்பதே நமது அபிப்பிராயம்.

“ஒட்டகம் நன்றாகத்தானே நடமாடுகிறது? அதற்கு ஒன்றும் ஆகவில்லையே?” என்று சிலர் கேட்கிறார்கள். நல்ல கேள்வி. கிருமி உள்ளே புக ஒரு பூட்டைத் திறக்க வேண்டும். அந்தப் பூட்டு ஒட்டகத்துக்கு மூக்கினுள்ளே இருக்கிறது. மனிதனுக்கு நுரையீரலின் அடியில் இருக்கிறது. ஆகவே ஒட்டகத்துக்கு வெறும் மூக்கொழுக்கு, மனிதனுக்கு மூச்சடைப்பு. அதிலும் தாய்ப்பாலில் கிடைத்த காப்புத் தேய்ந்துபோன இளங்கன்றுகளின் மூக்கிலேதான் கிருமி அதிகம். பண்ணைக்குப் போகும் நம்மவர்கள் எதைக் கட்டிக்கொண்டு படம் பிடிக்கிறார்கள்? கன்றைத்தான்.

இதில் வியாபாரமும் கலந்திருக்கிறது. அரபு நாட்டின் ஒட்டகத் தேவைக்குப் பெருமளவு சரக்கு சோமாலியா, சூடான் பக்கத்திலிருந்து வருகிறது. பெர்பெரா, ஜிபூத்தி துறைமுகங்களில் மந்தை மந்தையாகக் கப்பலேற்றுகிறார்கள். உலகத்து ஒட்டகங்களில் பெரும்பகுதி ஆப்பிரிக்காவில்தான். கிருமியும் அங்கே உண்டு. ஆயினும் மனித நோயாளிகள் பெரும்பாலும் அரபு நாட்டில்தான். ஆப்பிரிக்க ஒட்டகங்களிடமுள்ள கிளை சற்று வேறுபட்டது, மனித நுரையீரலில் அவ்வளவாகப் பெருகுவதில்லை என்று ஆராய்ச்சியில் கண்டிருக்கிறார்கள்.

2014 மே மாதம் சவூதி சர்க்கார், ஒட்டகம் மேய்ப்போர் முகமூடியும் கையுறையும் அணிய வேண்டுமென்று அறிவித்தது. சில பண்ணைக்காரர்கள் சினங்கொண்டு, தங்கள் ஒட்டகங்களை முத்தமிட்டுப் படம் பிடித்து வெளியிட்டார்கள். தலைமுறை தலைமுறையாகத் தன்னோடு வாழ்ந்த பிராணியை ஒருவன் குறை சொன்னால் வருத்தம் வருவது இயல்பே. ஆனால் முத்தம் கிருமிக்கு மறுப்பாகாதே! 2015 ஹஜ்ஜுக் காலத்தில் சவூதி அதிகாரிகள் ஒட்டகக் குர்பானியையே நிறுத்தி, ஆடு மாடுகளைக் கொடுக்கச் சொன்னார்கள். புண்ணிய பூமியின் காவலர்களே இவ்வாறு செய்த பின் நமக்கு ஆட்சேபம் எதற்கு?

பிராணியைத் தவறாக அடையாளம் கண்டால் என்ன நடக்கும் என்பதை நம் மலேசியா சொந்த அனுபவத்தில் அறிந்திருக்கிறது. அது கொரோனாக் குடும்பமன்று. இருந்தாலும் இங்கே சொல்ல வேண்டியது. 1998-ல் பேராக்கிலும் பின்பு நெகிரி செம்பிலானிலும் பன்றிப் பண்ணையாட்கள் மூளைக் காய்ச்சலால் இறக்கத் தொடங்கினார்கள். கொசுவால் வருவது என்று எண்ணி மருந்து தெளித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். மாதங்கள் வீணாயின. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்து டாக்டர் சுவா கா பிங் கிருமியைக் கண்ட பிறகே, கொசு அன்று, பன்றி என்று தெரிந்தது. அதற்குள் 265 பேரைத் தாக்கி 105 பேரைக் கொண்டுபோய்விட்டது. பத்து லட்சத்துக்கு மேற்பட்ட பன்றிகளைக் கொன்றார்கள். ‘நிப்பா’ என்ற பெயர் சுங்கை நிப்பா என்ற ஊரிலிருந்து வந்தது. பன்றிக்கு யார் கொடுத்தது? நம் மெர்சிங் துறையிலிருந்து படகேறிப் போகும் தியோமான் தீவில், மரத்தடியில் பிளாஸ்டிக் விரிப்புகளைப் போட்டு, பழந்தின்னி வௌவால்களின் சிறுநீரைச் சேகரித்து, அவை கடித்துப் போட்ட பழங்களையும் துடைத்தெடுத்துச் சோதித்து, டாக்டர் சுவாவும் கூட்டாளிகளும் அங்கே நிப்பாக் கிருமியைக் கண்டார்கள். விடியற்காலையில் மரத்தடியில் விரிப்போடு காத்திருந்த அந்த வேலையை நாம் பெரிதாகவே மதிக்கிறோம்.

கொரோனாக் குடும்பத்தின் மற்ற இரு கொடியவர்களைப் பற்றியும் சிறிது. 2002 இறுதியில் சீனாவின் குவாங்டோங் மாகாணத்தில் தோன்றிய ‘சார்ஸ்’ 774 பேரைக் கொன்றது. 2003 மே மாதம் ஷென்ஸென் நகரச் சந்தையில் விற்ற மரநாய்களிடம் – மலாய்க்காரர் ‘மூசாங்’ என்பார்களே, அந்த ஜாதி – ஹாங்காங் பல்கலைக்கழகத்தார் அதன் கிருமியைக் கண்டார்கள். வௌவாலிடம் மூலக் கிளையைக் கண்டது அதற்குப் பின். பாலத்துக்கு அப்பால் சிங்கப்பூரில் 238 பேருக்கு வந்து 33 பேர் இறந்தார்கள். அவ்வருஷம் ஏப்ரலில் பாசிர் பாஞ்சாங் மொத்தக் காய்கறிச் சந்தையை மூடியபோது, இங்கிருந்து லாரியில் காய்கறி அனுப்பியவர்கள் பட்ட நஷ்டம் கொஞ்சமன்று.

2020-ல் வந்த கோவிட்டைப் பற்றி நம் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மார்ச் 18 முதல் கடையடைப்பு. பாலம் முன்போல் திறக்க 2022 ஏப்ரலாயிற்று. அந்தக் கிருமிக்கு மிக நெருங்கிய உறவினர்கள் சீனாவின் யுன்னானிலும் லாவோஸிலும் உள்ள குதிரைலாட வௌவால்களிடம் உண்டு. முதல் நோயாளிகளில் பலர் வூஹானின் ஹுவானான் சந்தையைச் சுற்றியிருந்தவர்கள். ஆனால் நடுவில் நின்ற பிராணி இன்னும் பிடிபடவில்லை. 2020 ஜனவரி 1-ம் தேதி சந்தையை மூடிக் கழுவினார்கள். அங்கு விற்ற காட்டுப் பிராணிகளின் இரத்தத்தை எடுப்பதற்குள் அவை போய்விட்டன. பேரேடே எரிந்துபோன கடையில் கணக்குப் பார்ப்பது எப்படி? விவாதம் ஓயாததற்கு இதுவே பெரிய காரணம். மெர்ஸ் விஷயத்தில் அந்தக் குறை இல்லை. ஒட்டகம் கண் முன்னே நிற்கிறது.

இனி, மனிதனிடமிருந்து மனிதனுக்கு. மெர்ஸ் கடைத்தெருவில் காற்றாகப் பரவுவதன்று. வீட்டில் கிட்ட இருந்து பணிவிடை செய்வோருக்கும், அதைவிட அதிகமாக ஆஸ்பத்திரிகளிலும் பரவுகிறது. பத்து பஹாட்டில் அவரோடு பழகியவர்களையும் உடன் பிரயாணம் செய்தவர்களையும் தேடிச் சோதித்தார்கள், ஒருவருக்கும் பரவவில்லை. தென் கொரியாவில் 2015-ல் நடந்தது வேறு. வியாபார நிமித்தம் வளைகுடா நாடுகளுக்குப் போய் வந்த ஒருவருக்கு மே 11-ம் தேதி ஜுரம் கண்டது. ஆஸ்பத்திரி மாறி ஆஸ்பத்திரி போனார். நோய் இன்னதென்று 20-ம் தேதிதான் தெரிந்தது. அந்த ஒன்பது நாளின் விலை: 186 பேருக்கு நோய், 38 மரணம், ஏறக்குறைய 17,000 பேர் வீட்டுக் காவலில்.

நமக்குத் தெரிந்த ஒருவர், ஊரையும் கடையையும் சொல்ல வேண்டாம், உம்ராவிலிருந்து வந்து ஐந்தாம் நாள் இருமலோடு கல்லாவில் உட்கார்ந்திருந்தார். வைத்தியர், “வெளிநாடு போனீர்களா?” என்று கேட்டதற்கு, “இல்லை” என்று சொல்லிவிட்டாராம். ஏன் என்று கேட்டோம். “சொன்னால் கடையை மூடச் சொல்வார்களே, தம்பி” என்றார். அவருக்கு வந்தது சாதாரண ஜலதோஷம்தான். ஆனால் கொரியாக்காரரும் சாதாரண ஜலதோஷம் என்றுதான் முதலில் எண்ணியிருப்பார்.

2012 முதல் 27 தேசங்களில் ஈராயிரத்து அறுநூறுக்கு மேற்பட்டோருக்கு மெர்ஸ் கண்டிருக்கிறது. நூற்றுக்கு முப்பத்தாறு பேர் வீதம் இறந்திருக்கிறார்கள். பெரும்பாலோர் சவூதியில். ஹஜ்ஜுப் பெருங்கூட்டத்தில் இந்நோய் பரவியதாகப் பதிவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆபத்து கஃபாவைச் சுற்றி வருவதில் இல்லை. வழியில் பஸ்ஸை நிறுத்திப் பண்ணைக்குள் இறங்குவதில்தான் இருக்கிறது.

ஒட்டகப் பாலைக் குடிக்கவே கூடாதா என்று கேட்பவர்களுக்கு: காய்ச்சிக் குடியுங்கள். பாலில் இக்கிருமியைக் கலந்து பரீட்சித்தார்கள். குளிர்பெட்டியில் வைத்த பச்சைப் பாலில் மூன்று நாள் கழித்தும் உயிரோடிருந்தது. 63 டிகிரி சென்டிகிரேட் சூட்டில் அரை மணி நேரம் வைத்ததும் ஒன்றும் மிஞ்சவில்லை. நம் வீட்டு அடுப்பில் பொங்கக் காய்ச்சுவது அதைவிட அதிகச் சூடு. பண்ணையில் கறந்து கிண்ணத்தில் நீட்டுவது பச்சைப் பால். அன்போடு கொடுத்தாலும், “ஜஸாகல்லாஹ், வேண்டாம்” என்று சொல்லலாம், அவர்கள் வருத்தப்படமாட்டார்கள். ஒட்டகச் சிறுநீரையும், சரியாக வேகாத இறைச்சியையும் உலகச் சுகாதார ஸ்தாபனம் கூடாதென்றே சொல்கிறது.

நீரிழிவு, சிறுநீரகக் கோளாறு, நாட்பட்ட நெஞ்சுச் சளி உள்ளவர்களை இந்நோய் கடுமையாகத் தாக்குகிறது. நம்மில் நாற்பது கடந்த முதலாளிமார்களில் சர்க்கரை இல்லாதவர் யார்? காலையிலிருந்து இரவு வரை கடையில் உட்கார்ந்து தே தாரிக் குடிக்கும் நமக்கு இது முக்கியம். அவர்கள் பண்ணைப் பக்கமே போகாதிருப்பது நலம். குழுவை அழைத்துச் செல்லும் ஏஜெண்டுமார்களிடம், பிரயாண நிரலில் ஒட்டகப் பண்ணை இருந்தால் அதை எடுத்துவிடும்படி கேளுங்கள். கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு, பணம் கட்டுவது நீங்கள்.

2017 டிசம்பரில் இரண்டாவது மலேசியர் ஒருவருக்கு இந்நோய் கண்டது. அவரும் உம்ராவுக்குப் போனவர். அவரும் ஒரு பண்ணைக்குப் போய், ஒட்டகத்தைத் தொட்டு, பச்சைப் பால் குடித்தவர். முதல் மரணத்துக்கு மூன்றரை வருஷத்துக்குப் பின்!

திரும்பி வந்து பதினான்கு நாளுக்குள் ஜுரமோ இருமலோ மூச்சுத் திணறலோ கண்டால், கிளினிக்கின் வாசலிலேயே, உள்ளே மற்றவர்களோடு உட்காருமுன், முகமூடி அணிந்துகொண்டு, எந்தத் தேதியில் எந்த நாட்டிலிருந்து வந்தீர்கள், ஒட்டகத்தின் அருகே போனீர்களா, பால் குடித்தீர்களா என்ற மூன்றையும் அவர்கள் கேட்காமலே சொல்லிவிடுங்கள். தமிழிலோ மலாயிலோ ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி நீட்டினாலும் போதும்.